குட்டி ஆர்க்கிட்டை இலை, பூ வைத்து அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவகோட்டையில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில் கம்பி இழுத்துக் கட்டி நாற்பது ஐம்பது குட்டி ஆர்க்கிட் தொங்கவிட்டிருக்கிறேன். படைப்புக்கு, சாந்திக்கு என்று வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ அந்தப் பக்கம் வந்தால் ஏதாவது கேட்காமல் போவதில்லை. அப்புறம் ஊருக்குப் போய் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "இது என்ன ஆச்சி?" என்று தொடர்வார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டச்சு செய்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

ஆச்சி, மரத்துல ஒட்டிக்கிட்டு வளருதே, இது புல்லுருவிதானே? மரம் பட்டுப்போயிராதா?

இல்லை. புல்லுருவி மரத்தின் பட்டையைத் துளைத்து உள்ளே வேரை இறக்கி அதன் நீரைக் குடிக்கும். வெட்டிப் பார்த்தால் கிளையும் அதுவும் ஒட்டுப்போட்ட மாதிரி ஒன்றாகிக் கிடக்கும். ஆர்க்கிட் மரத்தில் இடம் மட்டும்தான் கேட்கிறது. வேர் பட்டைமேல் படர்ந்து பிடித்துக்கொள்ளும், உள்ளே போகாது. பொறுமையாக உரித்தால் தோலோடு வந்துவிடும். எங்கள் வீட்டில் பழைய பர்மா தேக்குத் துண்டில் கட்டியிருக்கிறேன், அந்தக் கட்டைக்கு உயிர் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, செடி நன்றாகத்தான் இருக்கிறது.

அப்ப பூ இல்லாதப்ப ஆர்க்கிட்டுனு எதை வச்சுச் சொல்றீக?

முதலில் வேர். மரத்தில் வளரும் ஆர்க்கிட்டின் வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளியாகவும் தண்ணீர் பட்டதும் பச்சையாகவும் மாறும். வேருக்கு மேலே பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது, அது தண்ணீரை உறிஞ்சியதும் உள்ளேயிருக்கிற பச்சை வெளியே தெரிகிறது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அரை நிமிஷம் பார்த்தாலே போதும்.

அடுத்தது இலை நரம்பு. ஆர்க்கிட் புல், வாழை, தென்னை வகையறா, ஒருவித்திலை. இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் நரம்புகள் நீளவாக்கில் பக்கம் பக்கமாக ஓடும். ஆலிலை, வேப்பிலை மாதிரி கிளை பிரிந்து வலையாக இருந்தால் பெரும்பாலும் வேறு செடி. ஹோயா, டிஸ்கிடியா, பெப்பரோமியா மூன்றையும் ஆர்க்கிட் என்று நினைத்து எனக்குப் படம் அனுப்பியவர்கள் நிறைய. சில குட்டி ஆர்க்கிட் இலை தடித்த தோலாக இருந்து நரம்பே தெரியாது, அப்போது வேரைத்தான் நம்பவேண்டும். இலைக்கு அடியில் பழுப்பாகப் பொடி ஒட்டியிருந்தால் அது பெரணி, மேலே தேட வேண்டாம்.

மினியேச்சர்னா எம்புட்டுச் சின்னது?

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பொதுவாகச் செடியின் உயரம் ஆறு அங்குலத்துக்குள், அதாவது 15 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மினியேச்சர் என்கிறார்கள். பூக்காம்பு அதைவிட நீண்டிருக்கலாம். இது வளர்ப்பவர்களின் வழக்குதான், தாவரவியல் பிரிவு அல்ல. ஒரே பேரினத்தில் ஆள் உயரமும் இருக்கும், கட்டைவிரல் நகம் அளவும் இருக்கும்.

இலையப் பாத்தவுடனே பேரைச் சொல்லிருவீகளா?

நம் ஊரில் புதிதாக ஒருத்தரைப் பார்த்தால் என்ன கேட்போம்? எந்த ஊரு, எந்தக் கோயில், யார் வீடு. எங்கள் நகரத்தாரில் குலப் பிரிவு கோயிலை வைத்துத்தான், அதனால் மாத்தூர் கோயிலா, வைரவன்பட்டியா என்று தெரிந்துவிட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடாது, ஆனால் தேடவேண்டிய இடம் சுருங்கிவிடும். இலை சொல்வது கோயிலை. ஆள் பெயரைப் பூதான் சொல்லும். உலகத்தில் ஏறத்தாழ 28,000 ஆர்க்கிட் இனங்கள், இந்தியாவில் மட்டும் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் கணக்கில் 1,256. இலையை மட்டும் வைத்து இவ்வளவில் ஒன்றைப் பிடிப்பேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஆனால் கோயிலைப் பிடிப்பது சுலபம். இலை இரண்டு வரிசையாக ஏணி மாதிரி அடுக்கி, நடுவில் மடிந்து, குறுக்கே வெட்டினால் V மாதிரி இருந்தால் வாண்டா கூட்டம். அதில் பலவற்றுக்கு இலை நுனி எலி கடித்த மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும். அகாம்பே பிரிமோர்சா என்று ஓர் இனம், 'பிரிமோர்சா' என்றாலே நுனி கடிபட்டது என்றுதான் அர்த்தம். அதே ஏணி அடுக்கு, ஆனால் இலை ஈர்க்குச்சி போல உருண்டு இருந்தால் லூயிசியா பக்கம் பாருங்கள்.

இலைகள் பக்கவாட்டில் தட்டையாகி, ஒன்றின் அடியை ஒன்று கவ்விக்கொண்டு விசிறி மாதிரி இருந்தால் இரண்டு பேர் நினைவுக்கு வரவேண்டும்: நம் மலைகளில் இருக்கிற ஒபரோனியா, கரீபியத் தீவுகளிலிருந்து வந்த டோலும்னியா. பூக்காம்பு விசிறியின் நடு உச்சியிலிருந்து எலிவால் போல வந்தால் ஒபரோனியா. இலை இடுக்கிலிருந்து பக்கமாக வந்து, பாவாடை விரித்த மாதிரி பெரிய பூ விட்டால் டோலும்னியா. பூ உதிர்ந்த பிறகும் காய்ந்த காம்பு எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இலைக்கு அடியில் பருத்த தண்டு, நாங்கள் பல்பு என்று சொல்வது, இருந்தால் அது இன்னொரு பெரிய கூட்டம். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

பல்பு வச்சதெல்லாம் ஒரே மாதிரி இருக்கே. டென்ட்ரோபியமா பல்போஃபில்லமானு எப்படிப் பிரிக்கிறது?

இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, பல்பில் கணு. டென்ட்ரோபியம் எவ்வளவு குட்டையாக இருந்தாலும் கரும்பு மாதிரி ஒன்றுக்கு மேல் கணு இருக்கும், குறுக்கே கோடு அல்லது பழைய உறையின் தழும்பு தெரியும். பல்போஃபில்லம் பல்பு ஒரே துண்டு, இடையில் கணு இல்லை. பெரும்பாலும் உச்சியில் ஒரே இலை, பல்புகள் கிடைத்தண்டில் இடைவெளி விட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

இரண்டு, பூ எங்கிருந்து வருகிறது. டென்ட்ரோபியத்தில் பல்பின் கணுவிலிருந்து வரும். பல்போஃபில்லத்தில் பல்பின் அடியில், கிடைத்தண்டிலிருந்து வரும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி வாட்ஸ்அப் கேள்வி குறைந்துவிடும்.

பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பல்போஃபில்லத்தின் உதடு, அதாவது மற்றவற்றிலிருந்து வேறுபட்டிருக்கிற அந்த மூன்றாவது இதழ், பெரும்பாலான இனங்களில் கீல் வைத்த கதவு மாதிரி ஆடும். எங்கள் முற்றத்தில் ஒன்று பூத்தபோது பேத்தி மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள், அவள் மூச்சுக்கே உதடு மேலும் கீழும் அசைந்தது. "ஆயா, இது பேசுது" என்றாள், உடனே "ச்சீ, நாறுது" என்றாள். இரண்டும் சரி. ஈ வந்து மகரந்தம் எடுத்துப் போகிற செடி, அதற்குப் பிடித்த வாசனைதான் அதில் இருக்கும்.

ஆன்லைன்ல மினியேச்சர்னு வாங்கினேன். ரெண்டு வருஷத்துல முழ நீளம் வளந்துருச்சு. ஏமாத்திட்டாகளா?

ஆமாம், பெரிய செடியின் நாற்றைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் நடந்திருக்கிறது, ஒன்றல்ல, மூன்று. வாங்கும்போதே கண்டுபிடிக்க வழி இருக்கிறது, ஆனால் இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

பல்பு வகையாக இருந்தால் பழைய பல்பிலிருந்து புதிய பல்பு வரை வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாகிக்கொண்டே வந்தால் செடி இன்னும் வளர்கிற பிள்ளை. கடைசி மூன்று நாலு பல்பு ஏறக்குறைய ஒரே அளவில் நின்றுவிட்டால் அதுதான் அதன் முழு வளர்ச்சி. அதோடு பூத்து முடிந்த காம்பின் காய்ந்த குச்சி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். பூத்த செடி என்றால் பெரிய ஆள்தான், அதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

பல்பு இல்லாத வாண்டா வகையில் வேரைப் பாருங்கள். இலை இரண்டு அங்குலம், வேர் மட்டும் பென்சில் மொத்தம் என்றால் பெரிதாகப் போகிறது என்று அர்த்தம். கன்றுக்குட்டிக்குக் கால் மட்டும் நீளமாக இருக்குமே, அந்த மாதிரி. விற்கிறவரிடம் "பூத்த செடியா, நாற்றா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் வராவிட்டால் நான் வாங்குவதில்லை.

இலையில வெள்ளை வெள்ளையா புள்ளி இருக்கு. அந்த இனத்துக்கே உள்ளதா?

எலுமிச்சம்பழச் சாற்றைத் தண்ணீரில் கலந்து பஞ்சில் தொட்டு ஒரு புள்ளியைத் துடையுங்கள். போய்விட்டால் அது ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு. நம் பக்கத்துத் தண்ணீரைத் தெளித்தால் ஒரு மாதத்தில் எல்லா இலையும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அந்தக் காலத்தில் வளவு முற்றத்துத் தாழ்வாரத்தில் அண்டா வைத்து மழைத் தண்ணீர் பிடித்தார்களே, நான் செடிக்காக அதைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறேன். சமையலுக்கு வேண்டும் என்று மருமகள் அதிலும் பங்கு கேட்கிறாள்.

துடைத்தும் போகாமல், மஞ்சள் கோடு கோடாக, கட்டம் கட்டமாக இருந்தால் வைரஸாக இருக்கலாம், அந்தச் செடியைத் தனியே வையுங்கள், வெட்டிய கத்தியை அப்படியே அடுத்த செடிக்குக் கொண்டுபோகாதீர்கள். உண்மையிலேயே இலையில் கோலம் உள்ள இனங்களும் உண்டு. தரையில் வளரும் லுடிசியா டிஸ்கலர் கருஞ்சிவப்பு இலையில் நீளநீளமாகச் செம்பு நிறக் கோடு ஓட்டியிருக்கும், மக்கோடஸ் பெட்டோலா இலையில் தங்க ஜரிகை வலை மின்னும். பூவில்லாமலே ஓரளவு துணிந்து பெயர் சொல்லக்கூடியவை இவை போன்ற சிலதான்.

ஒரே தாய்ச் செடியிலேருந்து பிரிச்சதுதான். எங்க வீட்டுல இலை செவப்பு, ஒங்க வீட்டுல பச்சை. எப்படி?

உங்கள் வீட்டு மாடியில் வெயில் அதிகம், எங்கள் முற்றத்தில் நிழல். வெயில் தாங்க இலை சிவப்பு நிறமி சேர்த்துக்கொள்கிறது, நிழலில் இலை நீளும், அகலும், பச்சை கூடும். அதனால்தான் அடையாளம் பார்க்கும்போது நிறத்தையும் அளவையும் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். அடுக்கு, மடிப்பு, நுனி, காம்பு வரும் இடம், இவை வீடு மாறினாலும் மாறாது.

பூ கடுகளவுதான் இருக்கு. அதுல என்னத்தப் பாக்குறது?

வைரம் பார்க்கிற லென்ஸ் வீட்டில் இருக்குமே, பத்து மடங்கு காட்டுவது, அதை எடுங்கள். கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பூவைக் கிட்டே கொண்டுவரவேண்டும். பலர் லென்ஸைப் பூவோடு வைத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள்.

என் மாமியாரின் லென்ஸை எடுத்துக்கொண்டு ஏற்காட்டில் தங்கை வீட்டு ஆரஞ்சு மரத்தில் ஒரு ஒபரோனியாவைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு மஞ்சளாக ஒரு நூல் தொங்கியது, அவ்வளவுதான். லென்ஸில் பார்த்தால் அந்த நூலைச் சுற்றி அட்டிகையில் கல் பதித்த மாதிரி பூ, ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர் இருக்கலாம், ஒவ்வொன்றிலும் மூன்று புல்லி இதழ், இரண்டு அல்லி இதழ், ஓரம் கத்தரித்த ஓர் உதடு, நடுவில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒன்றாகச் சேர்ந்த குட்டித் தூண். எதுவும் குறையவில்லை. இன்னொன்று, நுனியில் இருந்த பூக்கள் விரிந்திருந்தன, அடியில் இருந்தவை இன்னும் மொட்டு. மற்ற செடிகளில் அடியிலிருந்து மேலே விரிவதைப் பார்த்த எனக்கு அது தலைகீழாகப் பட்டது. ஒபரோனியாவில் பல இனங்கள் அப்படித்தான், அதுவே ஓர் அடையாளம்.

பார்க்கவேண்டிய வரிசை என்று கேட்டால்: முதலில் உதடு, அதன் வடிவம், எத்தனை மடல், மேலே மேடு அல்லது முடி இருக்கிறதா. பிறகு பூவின் பின்பக்கம், அங்கே தேன்குழல் என்று வால் மாதிரி ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா. பக்கத்துப் புல்லி இதழ்கள் இரண்டும் தனித்தனியா, ஒட்டி ஒன்றாகிவிட்டதா. கடைசியாக உதடு கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா. நிமிர்ந்த கொத்தில் பெரும்பாலான ஆர்க்கிட் விரியும்போது காம்பை அரைச் சுற்று முறுக்கி உதட்டைக் கீழே கொண்டுவந்துவிடும், சிலது அப்படிச் செய்யாது. இதைப் படத்திலிருந்து சொல்ல முடியாது, படத்தைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

இலையே இல்ல, வெறும் வேர்தான் கெடக்கு. செத்துப்போச்சா?

வேர் தண்ணீர் பட்டதும் பச்சையானால் உயிர் இருக்கிறது. கைலோஸ்கிஸ்டா, டீனியோஃபில்லம் என்று இரண்டு பேரினங்களில் பெரும்பாலும் இலை இல்லாமலே காலம் ஓடும், வேரே இலை வேலையைச் செய்யும். இரண்டுக்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இனங்கள் உண்டு. பூக்காம்பில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் பூ பலது ஒரே நேரத்தில் விரிந்தால் கைலோஸ்கிஸ்டா. நூல் மாதிரிக் காம்பில் மிகச் சின்னப் பூ ஒன்றிரண்டாக மாறி மாறி வந்தால் டீனியோஃபில்லம்.

பல்பு இருந்து இலை மட்டும் கொட்டியிருந்தால் கதை வேறு. மழையில்லாத காலத்தில் இலை உதிர்க்கும் டென்ட்ரோபியங்கள் நிறைய. போர்பாக்ஸ் என்று ஒன்று, சட்டைப் பொத்தான் மாதிரித் தட்டைப் பல்பு, மேலே வலை போட்ட உறை, இலை உதிர்ந்தால் பாறையில் யாரோ பொத்தானைச் சிந்திவிட்டுப் போன மாதிரித்தான் இருக்கும்.

மஞ்சளாப் பூக்குதே அந்தக் குட்டி டென்ட்ரோபியம், அது லிண்ட்லியியா ஜென்கின்சியா? கடைக்காரரே மாத்தி மாத்திச் சொல்றாரு.

இரண்டும் வடகிழக்கு மலை, பர்மா, தாய்லாந்துப் பக்கம் வளர்பவை, இரண்டுக்கும் ஒற்றைத் தோல் இலை, பொன் மஞ்சள் பூ. ஒரு காலத்தில் ஒன்றை மற்றொன்றின் குட்டி ரகம் என்றே வைத்திருந்தார்கள். கொத்தில் எண்ணிப் பாருங்கள். பத்துப் பதினைந்து பூ சரமாகத் தொங்கினால் லிண்ட்லியி. ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று என்றால் ஜென்கின்சி. செடியும் அதில் பாதிதான் இருக்கும், பல்பு பட்டாணிக்கும் மொச்சைக்கும் இடைப்பட்டு இலையோடு கட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். வலுவில்லாத லிண்ட்லியி முதல் தடவை மூன்று நாலு பூவோடு நின்றுவிடுவதும் உண்டு, அதனால் ஒரு வருஷப் பூவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

எல்லாம் பாத்தாச்சு, இன்னும் ரெண்டு பேருக்கு நடுவுல நிக்குது. வேற வழி இருக்கா?

மகரந்தத்தை எண்ணலாம். ஆர்க்கிட்டில் மகரந்தம் பொடியாக உதிராது, உருண்டையாகச் சேர்ந்திருக்கும். தூணின் நுனியில் தொப்பி மாதிரி ஒரு மூடி, பல்குத்தும் குச்சியால் கீழிருந்து மெல்ல நெம்பினால் உருண்டைகள் குச்சியோடு வரும். கறுப்புத் துணியில் வைத்து லென்ஸில் எண்ணுங்கள். டென்ட்ரோபியத்தில் நாலு, காம்பு இல்லாமல். பார்க்க அதே மாதிரி இருக்கிற ஈரியாவில் எட்டு. வாண்டா கூட்டத்தில் இரண்டு, சிலவற்றில் நாலு, கீழே பட்டையும் பசையும் சேர்ந்திருக்கும். அந்தப் பூ சீக்கிரம் வாடிவிடும், அதனால் கொத்தில் ஒன்றை மட்டும் செய்யுங்கள்.

லேபிள்ல ஒரு பேரு, நெட்டுல வேற பேரு. எது சரி?

பெரும்பாலும் இரண்டும் ஒரே செடி. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு பல குட்டிப் பேரினங்களைப் பெரியவற்றில் சேர்த்துவிட்டார்கள். அஸ்கோசென்ட்ரம் ஆம்புல்லேசியம் இப்போது வாண்டா ஆம்புல்லேசியா, ஜப்பான்காரர்கள் கொண்டாடும் நியோஃபினெட்டியா ஃபால்கேட்டா இப்போது வாண்டா ஃபால்கேட்டா. கடைக்காரர்கள் பழைய பெயரை விடமாட்டார்கள். மேலே சொன்ன இலை அடுக்கைப் பார்த்தால் இரண்டும் வாண்டா கோயில்தான் என்பது முன்பே தெரிந்திருக்கும்.

மஸ்தேவாலியா, லெபாந்தஸ் படமெல்லாம் பாத்தேன், அழகா இருக்கு. அதையும் சொல்லுங்களேன்.

படத்தில் பார்த்து ரசியுங்கள். அவை தென், நடு அமெரிக்காவின் மேகம் தவழும் குளிர் மலைக்காட்டுச் செடிகள், காரைக்குடி மே மாதத்தில் ஒரு வாரம் தாங்காது. அடையாளம் மட்டும் வேண்டுமானால்: இரண்டுக்கும் பல்பு கிடையாது, ஒரு தண்டுக்கு ஓர் இலை. மஸ்தேவாலியாவில் மூன்று புல்லி இதழும் அடியில் ஒட்டிக் குழலாகி நுனியில் வால் விட்டிருக்கும். லெபாந்தஸில் தண்டைச் சுற்றி நாதஸ்வரத்து அணசு மாதிரி வாய் விரிந்த உறைகள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கியிருக்கும்.

கொடைக்கானல் போனப்ப மரத்துலேருந்து ஒரு கொத்து எடுத்தாந்தேன். படம் அனுப்புறேன், பேரு சொல்லுங்க.

எடுத்து வந்ததற்கு நான் பெயர் சொல்வதில்லை, கோபித்துக்கொள்ளவேண்டாம். காட்டிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம், ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே சைட்டிஸ் என்கிற சர்வதேச வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. அதோடு அந்தக் குளிர்ச் செடி இங்கே மாசி தாண்டாது. நம் மலை இனங்களைப் பெயர்ப் பலகையோடு பார்க்கவேண்டும் என்றால் ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத்துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

மரத்தில் இருக்கும்போதே எடுத்த படமாக இருந்தால் தாராளமாக அனுப்புங்கள். முழுச் செடி ஒன்று, காம்பு எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று, பூ நேராக, பக்கவாட்டில், பின்னாலிருந்து என்று மூன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்தது ஒன்று. வீட்டுச் செடி என்றால் தயவுசெய்து ஆத்தங்குடிக் கல்மேல் வைத்து எடுக்காதீர்கள், பூவும் பூக்கோலமும் கலந்து எனக்குக் கண் சுற்றுகிறது. கறுப்புத் துணி போதும்.

கலப்பினமா இருந்தா? பேரே கெடைக்கலைன்னா லேபிள்ல என்ன எழுதுறது?

கடையில் கிடைக்கிற மினி ஃபெலனாப்சிஸ் ஏறக்குறைய எல்லாமே கலப்பினம். தாய் தகப்பன் பெயர் விற்றவரிடம் இருந்தால் உண்டு, பூவைப் பார்த்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நிறம் ஒத்துப்போகிறது என்று இணையப் படத்திலிருந்து ஒரு பெயரைத் தூக்கி ஒட்டினால் நாளைக்கு உங்களிடம் பிரித்து வாங்குகிறவரும் அதே தப்பைச் சுமப்பார்.

தெரிந்த வரைக்கும் எழுதுங்கள். "பல்போஃபில்லம், இனம் தெரியாது, மஞ்சள், உதடு ஆடும், ஆவணியில் பூத்தது, வாங்கிய தேதி" என்று எழுதினாலே நிறைய. பென்சிலால் எழுதுங்கள். நம் ஊர் வெயிலில் மார்க்கர் மை ஆறு மாதத்தில் வெளுத்துப்போய், கடைசியில் வெறும் பிளாஸ்டிக் துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் முற்றத்தில் அப்படி ஏழு தொங்குகிறது.